முப்பத்தைந்து பங்கு உப்பு

புளக், புளக், புளக்.

முதலில் சத்தம் மட்டும்தான். ஒரு காட்டில், ஆற்றங்கரை மருதமரத்தடியில், அனுமதி அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். சத்தம் அதற்குப் பின்னாலிருந்து வந்தது. வரிசையில் நின்ற மிருகங்கள் ஆறு வாரமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. உள்ளே என்ன என்று கேட்டால், "நேரம் வரும்போது திறப்போம்" என்றது அலுவலகம். அந்தப் பதிலுக்குப் பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போகும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் எதற்கும் அனுமதி வேண்டும். ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடிக்க நீலப் படிவம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் குடிபோக மஞ்சள் படிவம். ஊளையிட, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வெள்ளைப் படிவம். படிவம் வாங்க வரிசை. வரிசையில்தான் சிக்கல். முயலுக்குப் பின்னால் நரி நின்றால், ஜன்னலுக்கு வந்து சேரும்போது நரி மட்டும் இருக்கும். கையில் இரண்டு டோக்கன் இருக்கும்.

புகார் மேலே போயிற்று. மேலே சிங்கம் இருந்தது. சிங்கத்தை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை, கையெழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வந்தது. காத்திருப்போர் மனம் சாந்தமடைய அலுவலகத்தில் மீன்தொட்டி ஒன்று வைக்க வேண்டும். பக்கத்துக் காட்டு அலுவலகத்தில் ஏற்கெனவே ஆற்றுமீன் தொட்டி இருப்பதால், நம்முடையது கடல்மீன் தொட்டியாக இருக்க வேண்டும். கடல் அங்கிருந்து மூன்று நாள் நடை. உத்தரவில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

தொட்டிக்கு ஒரு காப்பாளர் தேவைப்பட்டார். "மீன்களோடு நேரடி அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வந்தது ஒரே விண்ணப்பம். நீர்நாய் பட்டமுத்து, எட்டு வருட அனுபவம். என்ன மாதிரியான அனுபவம் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு காட்டுப்பன்றி. பெயர் பிரமநாயகி அம்மாள். அவருக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். நியமன ஆணையில் எட்டு நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. ஒன்பதாவதை அவர் கையாலேயே எழுதினார். "மீன் காணாமல் போனாலோ இறந்துபோனாலோ காப்பாளரின் வயிறு திறந்து பார்க்கப்படும்."

"மேடம், செத்துப்போச்சுன்னா அது தொட்டியிலதானே கிடக்கும். வயித்துல ஏன் பாக்கணும்?" என்றான் பட்டமுத்து.

"திறந்து பாத்தாத்தானப்பா தெரியும்."

அவன் கையெழுத்துப் போட்டான். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரே முழங்கால் அளவுதான். வாரம் ஒரு கூடை நண்டு சம்பளம் என்பது லேசில் விடக்கூடிய விஷயம் இல்லை.

தொட்டியோடு ஒரு கையேடு வந்திருந்தது. பட்டமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு மனப்பாடமாகச் சொல்லும்வரை படித்தான். இருநூறு லிட்டர் தண்ணீர். ஆயிரம் பங்கு தண்ணீருக்கு முப்பத்தைந்து பங்கு கடலுப்பு. அடியில் மணல், மேலே துளை விழுந்த பாறைகள். தண்ணீரை ஓட வைக்க, புளக் புளக் என்று ஒரு பம்பு. மின்சாரத்தை மின்மினிப் பிரிவு கொடுத்தது. எல்லாம் சரியாக வைத்த பிறகு, கையேடு சொன்னது: ஒரு செத்த இறாலை உள்ளே போடவும். ஆறு வாரம் சும்மா இருக்கவும்.

இரண்டு நாள் கழித்து பிரமநாயகி அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"மீன் எங்கப்பா?"

"இன்னும் வரல மேடம். இப்ப உள்ள பூச்சி வளருது."

"எங்க? காணோமே."

"கண்ணுக்குத் தெரியாது மேடம். மீன் கழிக்கிறதெல்லாம் விஷமா மாறும். அந்த விஷத்தைத் தின்னுறதுக்கு இதுக வேணும். இறால் அழுகுதுல்லா, அதைத் தின்னு பழகிக்கிட்டு இருக்கு."

அம்மாள் வெகுநேரம் தொட்டியைப் பார்த்தார். அழுகின இறாலையும் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்களையும் வைத்து மேலிடத்துக்கு என்ன அறிக்கை எழுதுவது?

"ஒரு துணியைக் கட்டி மறைச்சு வை" என்றார்.

இப்படித்தான் பச்சைத் துணி வந்தது.

ஆறாம் வாரக் கடைசியில் மீனைக் கூழைக்கடா கொண்டுவந்தது. வாய்ப் பையில் கடல்தண்ணீர், தண்ணீரில் மீன். ஆற்றோரம் வந்து இறங்கியதும் கூழைக்கடா ஒரு வார்த்தை பேசவில்லை, பேச முடியாது. சிறகால் மட்டும் கையெழுத்துப் போடும் சைகை காட்டியது. பட்டமுத்து அவசரப்படவில்லை. கையேட்டில் சொன்னபடி மீனை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்கினான்.

"அப்பாடா" என்றது வாய் காலியான கூழைக்கடா. "மூணு நாளா எச்சில் முழுங்கல. எனக்கும் உம்ம மாதிரி ஒன்பதாவது நிபந்தனை இருக்கு, தெரியுமா?"

மீன் ஆரஞ்சு நிறம். உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. ஒரு வெற்றிலை அகலம்கூட இல்லை. தொட்டிக்குள் இறங்கியதும் நாலு மூலையையும் ஒருமுறை சுற்றிவிட்டு வந்து கண்ணாடியருகே நின்றது.

"ஏம்வே, இது என்ன கடலு? எந்தப் பக்கம் போனாலும் சுவரா இருக்கு."

பட்டமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடத்தில் எந்த மீனும் அவனிடம் பேசியதில்லை. அதற்கு அவன் நேரம் கொடுத்ததும் இல்லை.

"இது தொட்டி" என்றான்.

"தண்ணி மட்டும் நல்லாத்தான் இருக்கு. யாரு கலந்தது?"

"நான்தான்."

"கைப்பக்குவம் இருக்கு உமக்கு. நீரு நீர்நாய்தானே?"

"ஆமா."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நண்டு."

"நல்லது. தினமும் சாப்பிட்டுட்டு வாரும்."

பதிவுப் படிவத்தை எடுத்துப் பட்டமுத்து ஒவ்வொன்றாகக் கேட்டான். பெயர், சூசை. ஊர், பவளப்பாறை மேற்கு. பாலினம்?

"இப்போதைக்கு ஆம்பளை."

"இப்போதைக்கா?"

"எங்க இனத்துல பெரியவ போய்ட்டா, அடுத்தவன் பொம்பளையா மாறணும்வே. வீட்டுக்கு ஒருத்தி வேணும்லா."

பட்டமுத்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பினான்.

மறுநாள் திறப்பு. பெரிய விழா எல்லாம் இல்லை. காலை பத்து மணிக்கு வரிசை நீளமாக இருந்தது. பட்டமுத்து தொட்டியின் விளக்கைப் போட்டுவிட்டுத் துணியைப் பக்கவாட்டில் இழுத்தான். அதே நேரத்தில் இரண்டாம் ஜன்னலில் இருந்த குரங்கு, அடுத்த டோக்கனைக் கூப்பிட வழக்கம்போல மணியை ஆட்டியது.

ஆறு வாரமாகச் சத்தம் மட்டும் கேட்டு நின்றவர்கள். திரை விலகுகிறது. மணி அடிக்கிறது. நீல வெளிச்சத்துக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று அசையாமல் நின்று அவர்களைப் பார்க்கிறது. முன்வரிசையில் இருந்த மான் கைகூப்பியது. பின்னால் இருந்தவர்கள், முன்னால் இருப்பவர் கூப்பியதால் கூப்பினார்கள். நரி கூப்புவதற்காகக் கையில் இருந்த முயலைக் கீழே விட்டது. முயல் ஓடவில்லை, அதுவும் கூப்பியது.

வரிசையில் ஏழாவதாக நின்றவர் தேரை நயினார். ஊர் முழுக்க அவரை நயினார் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். உடம்பில் அறுபத்து மூன்று மரு. அமாவாசைக்கு அமாவாசை மலையடிவாரக் கோயில் குளத்துக்குப் போய், மரு உதிர வேண்டுமென்று உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். அன்றும் அதற்குத்தான் கிளம்பியிருந்தார். உப்பு உடம்பில் பட்டால் தேரைக்கு ஆகாது என்பதால் தேக்கிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். வழியில் நீலப் படிவத்துக்கு நின்றது தப்பாகப் போயிற்று. மதியம் ஆகிவிட்டது. குளம் வரைக்கும் தாவிப் போய்த் திரும்ப வெளிச்சம் போதாது.

அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் இருக்கிறது. இலையைப் பிரித்து உள்ளே கவிழ்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் நாள் ஒரு மரு உதிர்ந்தது. காட்டில் மரு உள்ள எல்லோருக்கும் செய்தி போயிற்று. தேரைகள் அவ்வப்போது தோல் உரிப்பதுண்டு. அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

கடல்மீன் தொட்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் காலையில், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் பட்டமுத்து ஒரு கோடு போட்டு வைத்திருந்தான், அதுவரை ஊற்றுவான். பிறகு உப்பை அளந்து நோட்டில் எழுதுவான். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. முப்பத்தைந்து. ஐந்தாம் நாள் முப்பத்தாறு. ஏழாம் நாள் முப்பத்தெட்டு.

அளக்கும் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். முப்பத்தெட்டுதான். நல்ல தண்ணீர்தான் ஊற்றினோமா என்று வாளியில் நாக்கை வைத்துப் பார்த்தான். நல்ல தண்ணீர்தான். அப்புறம்தான் தண்ணீர்மேல் மிளகு மிதப்பதைக் கவனித்தான்.

அன்று முழுக்க வரிசையைக் கவனித்தான். முள்ளம்பன்றி ஒரு பொட்டலம். மரநாய் ஒரு சிரட்டை. காட்டுப்பூனை குடும்பத்தோடு வந்து, குட்டிகளின் கையைப் பிடித்துத் தலைக்கு ஒரு சிட்டிகை போட வைத்தது.

"என்ன போடுறீங்க?" என்று ஓடிப்போய்க் கேட்டான்.

"கொஞ்சந்தாங்க" என்றது காட்டுப்பூனை.

எல்லோரும் கொஞ்சந்தான் போட்டார்கள்.

தொட்டிமேல் வலை கட்டினான். வலைமேல் போட்டார்கள்; கல்லுப்பாக இருந்தால் பொடித்துப் போட்டார்கள். கண்ணாடி மூடி போடலாமென்றால், பார்வையாளருக்கும் மீனுக்கும் இடையே தடை கூடாது என்று உத்தரவிலேயே இருந்தது. "உப்பு போடாதீர்" என்று பலகை வைத்தான். மறுநாள் இரண்டு மடங்கு விழுந்தது.

"பாத்தியா?" என்றது முள்ளம்பன்றி, பலகையைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற மரநாயிடம். "இங்க உப்பு விசேஷம் போல. போன வாரம் பூரா வெறும் மிளகைப் போட்டு வீணாக்கிட்டேன்."

அடுத்த பலகை: "உப்பு அதிகமானால் மீன் இறந்துவிடும்." அதை வரிசை முழுவதும் படித்தது.

"அதுக்கெல்லாம் ஒன்னும் ஆகாது" என்றது மான். "ஆறு வாரம் தண்ணிக்குள்ளயே இருந்து சத்தம் மட்டும் கொடுத்தது. சாதாரணமா?"

உப்பைக் குறைக்க ஒரே வழி, தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவது. முப்பது லிட்டர் எடுத்து வாசலில் கொட்டப் போனான். வாசலில் சிரட்டையோடு நாற்பது பேர் நின்றார்கள். கீரி ஒரு சிரட்டை வாங்கி அங்கேயே குடித்துவிட்டுப் புதருக்குள் ஓடிற்று. மாலையில் திரும்பி வந்து, உள்ளே இருந்த கெட்டது எல்லாம் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னது. மறுநாள் வரிசை ஆற்றைத் தாண்டிவிட்டது.

பட்டமுத்து கண்காணிப்பாளரிடம் போனான்.

"மேடம், நாற்பத்தொன்னு."

"எது?"

"உப்பு. முப்பத்தஞ்சுதான் இருக்கணும். மீன் தாங்காது. மீன் போச்சுன்னா..." வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"எழுதிக் குடு. மேல அனுப்புறேன்."

"பதில் வர மூணு மாசம் ஆகுமே மேடம்."

"அவசரம்னு சிவப்பு மையில எழுது. ரெண்டரை மாசத்துல வரும்."

அப்போதுதான் அவர் மூக்கின் ஓரத்தில் மிளகளவு ஒன்று இருப்பதைப் பார்த்தான்.

"மேடம், மூக்குல..."

"மச்சம்" என்றார் பிரமநாயகி அம்மாள்.

அன்று ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டும் நேரம். தூக்குவாளியை மறந்துவிட்டுப் போன பட்டமுத்து திரும்பி வந்தான். தொட்டியருகே அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் பிரித்த இலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் கொஞ்சந்தான் போட்டேன்" என்றார்.

அதற்கடுத்த நாள் நாற்பத்து நாலு. சூசை பாறைமேல் சாய்ந்து கிடந்தது. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது. போட்ட தீனி அதன் மூக்குக்கு முன்னாலேயே கீழே இறங்கியது. ஆய்வாளர் சிறுத்தை நாளை மறுநாள் வருவதாகத் தகவல் வந்திருந்தது. அவர் கத்தி கொண்டுவருவதில்லை, தேவைப்படுவதில்லை.

பட்டமுத்து இருபது லிட்டர் மாற்றினான். மாற்றி முடிப்பதற்குள் இரண்டு பொட்டலம் விழுந்தது. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியருகே உட்கார்ந்தான். தூக்குவாளி மூடியைத் திறந்து, உள்ளே நண்டுதான் என்று நாலு பக்கமும் காட்டினான். அது அவன் வழக்கம். ஆனால் சாப்பிடவில்லை.

"வே பட்டமுத்து" என்றது சூசை. குரல் கீழிருந்து வந்தது. "நான் போய்ட்டா உம்ம வயித்தத் திறப்பாங்களாமே. நெசமா?"

"நீ பேசாத. மூச்சு விடு."

"திறந்து பாத்து நண்டா இருந்தா விட்டுருவாங்கல்லா?"

"திறந்தப்புறம் விட்டா என்ன, விடாட்டி என்ன?"

"அதுவும் சரிதான்" என்றது மீன்.

அப்போது வரிசையில் நயினார் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். தேக்கிலைப் பொட்டலம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ன தம்பி, சாப்பாடு ஆறுது? ரெண்டு உதிர்ந்துட்டுய்யா. இன்னும் அறுபத்தொன்னுதான். தெனமும் வந்தா சித்திரைக்குள்ள முடிச்சுரலாம்னு ஒரு கணக்கு."

பட்டமுத்து எழுந்தான். இதுவரை அவன் பொய் சொன்னதில்லை. பலகையில் எழுதியதும் நோட்டில் எழுதியதும் நிஜம்தான். நிஜம் நாற்பத்து நாலுக்கு வந்து நின்றது.

"அண்ணாச்சி, போன மரு எங்க போச்சுன்னு நினைக்கீங்க?"

"எங்க போகும்? கரைஞ்சுபோச்சு. உப்பு கரையுற மாதிரி."

"உப்பு கரைஞ்சா எங்க இருக்கும்?"

அண்ணாச்சி யோசித்தார். "தண்ணியிலதான்."

"மருவும் தண்ணியிலதான் இருக்கு. தண்ணியிலேருந்து மீன்மேல ஏறுது. பாருங்க, எப்படிச் சாஞ்சு கிடக்குன்னு. உங்க ரெண்டு, முள்ளம்பன்றியோட நாலு, பூனை வீட்டுல ஒன்பது. அத்தனையையும் ஒத்தையாச் சுமக்குது."

 முன்னால் இருந்தவர்கள் கண்ணாடிக்குக் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"சுமக்கட்டுமே" என்றார் அண்ணாச்சி. "அதுக்குத்தானே இருக்கு."

"சுமக்கும். உசுரோட இருக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் சுமக்க யார் இருக்கா? அதது கிளம்பிப் போயிரும்."

"எங்க?"

"வந்த இடத்துக்குத்தான்."

முள்ளம்பன்றி முன்னால் வந்தது. "போனது பூராவுமா திரும்பி வரும்?"

"பூராவும். அதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு. எல்லாம் ஒரே தண்ணியில கலந்து கிடக்கு பாருங்க. எது யாருதுன்னு அதுக்கே தெரியாது. மாறி மாறித்தான் வரும். அண்ணாச்சியோடது உங்களுக்கு வரலாம். உங்களோடது அண்ணாச்சிக்கு வரலாம்."

முள்ளம்பன்றி திரும்பி நயினார் அண்ணாச்சியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. மானும் பார்த்தது. மரநாயும் பார்த்தது. வரிசை முழுக்க அந்த அறுபத்தொன்றைப் பார்த்தது.

"எல்லாரும் ஏன்யா என்னையப் பாக்கீங்க?" என்றார் அண்ணாச்சி. பொட்டலத்தை மெதுவாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தம்பி, இப்ப என்ன செய்யணும், சொல்லு."

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. பதில் ஆறு வாரத்துக்கு மேலாக மனப்பாடமாக இருந்தது.

ஆற்றிலிருந்து கைமாற்றி வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. மணலும் கரியும் வைத்து வடிகட்டினார்கள். ஒரேயடியாக மாற்றக்கூடாது, மீன் தாங்காது என்று சொன்னதும், "ஏய், மெதுவா! மெதுவா!" என்று நரி கத்திற்று. அன்று மாலை நாற்பத்திரண்டு. மறுநாள் முப்பத்தொன்பது. அதற்கு மறுநாள் காலை முப்பத்தேழு. சூசை பாறையை விட்டு எழுந்து ஒரு சுற்று வந்தது. வாசல்வரை ஒரு பெருமூச்சு போயிற்று.

சிறுத்தை வந்தார். தொட்டியைப் பார்த்தார். விரலால் எண்ணினார். "மீன் ஒன்று. உயிருடன்" என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் "வயிறு: திறக்கத் தேவை எழவில்லை" என்று எழுதும்போது முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரிந்தது. பேனாவை மூடியபிறகு பட்டமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"படர்தாமரைக்கும் கேக்குமா?"

"கேக்குங்க ஐயா. ஆனா இந்த வாரம் முடிஞ்சுது."

முடிந்துதான் இருந்தது. வாரம் ஒருமுறை இருபது லிட்டர் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. இருபது லிட்டருக்கு எழுநூறு கிராம் கடலுப்பு. பத்துப் பத்துக் கிராமாக எழுபது கரண்டி. பட்டமுத்து ஒரு டிரம் வைத்திருந்தான். தொட்டியில் போட்டால் மீனுக்குப் பாரம், டிரம்மில் போட்டால் பாரமில்லை என்றான். ஆளுக்கு ஒரு கரண்டி, தலை தட்டி, கையேட்டில் சொன்ன உப்பு மட்டும். போட்டவரே நின்று கரையும்வரை கலக்க வேண்டும். எழுபத்தொன்றாவது ஆள் அடுத்த வாரம் வர வேண்டும்.

காட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. "இன்னிக்கு எவ்வளவு?" என்று காலையில் ஆற்றங்கரையில் கேட்டுக்கொண்டார்கள். "முப்பத்தஞ்சு" என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். கண்ணாடியைத் தட்டிய ஒரு குட்டிக் குரங்கை நயினார் அண்ணாச்சி வாசல்வரை விரட்டினார். வரிசையில் நரிக்கு முன்னால் முயல் நின்றது. ஜன்னலுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. சண்டை வந்தால் கண்ணாடி அதிரும், அதிர்ந்தால் மீன் பதறும், பதறினால் அண்ணாச்சியோடது வரும். பிரமநாயகி அம்மாள் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். காத்திருப்போர் மனம் சாந்தமடைந்துவிட்டது. அவர் மூக்கும் சுத்தமாக இருந்தது.

சூசை மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

தண்ணீர் சரியாக இருந்தது. பட்டமுத்து மூன்று தடவை அளந்துவிட்டான். பம்பைக் கழற்றிக் கழுவி மாட்டினான். இறாலை இன்னும் பொடியாக நறுக்கிப் போட்டுப் பார்த்தான். ஒரு காலை, அலுவலகம் திறக்கும் முன், மீன் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று தன் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வே, என் முதுகைப் பாரும்" என்றது.

"ஏன், என்ன?"

"ஏதாச்சும் முளைச்சிருக்கா?"

பட்டமுத்து கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"சூசை, அது பொய். நான்தான் சொன்னேன்."

"எதுக்குச் சொன்னீரு?"

"நீ சாகக்கூடாதுன்னு."

"ஆங். நான் செத்தா எல்லாம் திரும்பிப் போயிரும்."

"இல்லடா. உன் மேல எதுவுமே ஏறல."

"அப்ப அண்ணாச்சிக்கு எப்படிப் போச்சு?"

"அவரு தோல் உரிச்சாரு."

"உங்க மேடமும் மூக்குல தோல் உரிச்சாங்களா?"

பட்டமுத்து அம்மாளின் மூக்கில் இருந்ததை நினைத்துப் பார்த்தான். அது ஏன் போயிற்று என்று அவனுக்கும் தெரியாது.

"தெனம் நூறு பேரு வந்து கண்ணாடியில முகத்தை வச்சு, எங்களுக்காகச் சுமக்குதேன்னு கண்ணு கலங்கிட்டுப் போறான்" என்றது சூசை. "அத்தனை பேரும் பொய்யா சொல்லுவான்? வலப்பக்கம் ஒரு இடத்துல கனமா இருக்குவே. செவுளுக்குக் கீழ."

"அது உன் வெள்ளைப் பட்டை."

"முன்னால இவ்வளவு அகலமா இருந்துச்சா?"

"இவ்வளவுதான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லும்."

பட்டமுத்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். செவுளிலிருந்து வால்வரை பார்த்தான். மீன் திரும்பிக் காட்டியது. அந்தப் பக்கமும் பார்த்தான்.

"ஒன்னுமில்ல."

"அடியில?"

"அடியிலயும் இல்ல."

"நாளைக்கும் பாப்பீரா?"

"பாக்குறேன்."

சூசை ஒரு துண்டு இறாலை எடுத்து, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கியது. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. பட்டமுத்து வாளியிலிருந்து ஒரு குவளை நல்ல தண்ணீர் மொண்டு, மணல் கலங்காதபடி, கண்ணாடி ஓரமாக ஊற்ற ஆரம்பித்தான்.

நீதி: பொய் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றுவதில் தவறில்லை. அந்த உயிருக்குக் காது உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.